வருடாந்திர கேனோ பயணம்: ஐந்து படகு, பத்துப் பேர், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வைப்பது?

நீர்க்கோழி எழுதியது:

வணக்கம் மக்களே. வருஷா வருஷம் நண்பர்கள் சேர்ந்து கேனோ எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் போய், கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வருவது வழக்கம். தேதி குறிப்பது, படகு வாடகைக்குப் பேசுவது, யார் என்ன சுமப்பது என்று பட்டியல் போடுவது எல்லாம் எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. இதுவரை மூன்று படகு, ஆறு பேர், எல்லாருக்கும் துடுப்பு கைவந்தது. இந்த முறை நான்கு பேர் புதிதாகச் சேர்கிறார்கள். அதில் இரண்டு பேர் துடுப்பைத் தொட்டதே இல்லை, ஒருவருக்கு நீச்சல் அரைகுறை.

மூன்று இரவு, நான்கு பகல். ஒன்றோடொன்று இணைந்த ஏரிகள், நடுவில் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய இடம் இரண்டு, அதில் நீளமானது ஒரு கிலோமீட்டர். கடைசி நாள் மெதுவாக ஓடும் ஆறு. பழைய ஆட்கள் நாளுக்கு 25 கிலோமீட்டர் வைக்கலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்லக் கையில் கணக்கு இல்லை. நீங்கள் எல்லாம் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

பின்சீட்டு எழுதியது:

25 வேண்டாம். கணக்கு இதோ. காற்றில்லாத தண்ணீரில், சாமான் ஏற்றிய படகில், பேச்சும் சிரிப்புமாகத் துடுப்பு போடும் ஜோடி மணிக்கு 4, மிஞ்சினால் 5 கிலோமீட்டர் போகும். 25 என்றால் ஐந்து ஆறு மணி நேரம் துடுப்பு மட்டுமே. இதில் சாப்பாடு, ஒதுங்குவது, தண்ணீர் பிடிப்பது, "கொஞ்சம் நில்லு, கேமரா பைக்குள்ள இருக்கு" எதுவும் சேரவில்லை. காலையில் பத்துப் பேர் எழுந்து, சமைத்து, கூடாரம் மடித்து, எல்லாவற்றையும் பையில் திணித்துப் படகில் ஏற்றுவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும், அதற்கு மேலும் ஆகலாம். எதிர்காற்று அடித்தால் வேகம் பாதி.

அப்புறம் அந்த ஒரு கிலோமீட்டர் நடை. சாமான் முழுவதையும் ஒரே நடையில் யாரும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. முதல் நடை, வெறுங்கையோடு திரும்புதல், மறுபடி இரண்டாம் நடை: மொத்தம் மூன்று கிலோமீட்டர், அதில் இரண்டு சுமையோடு. வழி மேடு பள்ளமாகவோ சேறாகவோ இருந்தால் அரை நாளே போகும். வரைபடத்தில் அது சின்னக் கோடாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள்.

இந்தக் கணக்கைப் போடும்போது உங்களில் நன்றாகத் துடுப்பு போடும் ஜோடியின் வேகத்தை எடுக்கவே கூடாது. கடைசியாக வரும் படகின் வேகம்தான் குழுவின் வேகம். 12, கூடிப்போனால் 15. நடை இருக்கும் நாளில் அதிலும் குறைவு.

வேகத்துடுப்பு எழுதியது:

பின்சீட்டு அண்ணன் எப்போதும் இப்படித்தான். நாங்கள் 30 போயிருக்கிறோம், யாரும் சாகவில்லை. ஒரு மணிக்கே கரையேறிவிட்டு மீதி நாள் முழுக்கக் கல்லில் உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கவா அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போவது? உள்ளே போகப் போகத்தான் கூட்டம் குறையும், நல்ல முகாம் இடம் கிடைக்கும். முதல் ஏரியிலேயே தங்கினால் நாலு பக்கமும் யாராவது பாட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஈரச்சாக்ஸ் எழுதியது:

கல்லில் உட்கார்ந்திருக்கத்தான் சாமி நான் வருகிறேன். துடுப்பு அதற்கு நான் கட்டும் வரி.

கிண்டல் போகட்டும். முப்பது போன குழுவில் புதியவர்கள் எத்தனை பேர்?

வேகத்துடுப்பு எழுதியது:

யாரும் இல்லை. சரி, அது நியாயமான கேள்விதான். ஆனால் கூட்டம் பற்றிச் சொன்னதில் நான் மாறவில்லை.

முதலுதவிப்பை எழுதியது:

தூரத்துக்கு முன்னால் இரண்டு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. எந்த மாதம் போகிறீர்கள், தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கும்? வெயில் அடிக்கிறது என்பதற்காகத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்காது. பனி உருகி நிரம்பும் ஏரி, கோடையின் தொடக்கத்தில் வெளியே சட்டை போட முடியாத வெக்கையாக இருக்கும்போதும் உள்ளே எலும்பைக் குத்தும்.

குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் தானே பலமுறை ஐஸ் தண்ணீரில் இறங்கி ஆராய்ச்சி செய்தவர், அவர் பரப்பியது இது. முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, தன்னையறியாமல் இழுத்து இழுத்து வாங்கும், அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் வீரர்கூடத் தண்ணீர் குடிப்பார். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்குப் பிறகு விரல் மடங்காது, கயிற்றைப் பிடிக்க வராது. நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகலாம். ஆக, குளிரால் சாவதற்கு வெகுநேரம் முன்பே, லைஃப் ஜாக்கெட் இல்லாதவர் மூழ்கிவிடுவார். படகில் இருக்கிறது, வேண்டும்போது போட்டுக்கொள்கிறேன் என்பவர்களுக்கு அந்த முதல் நிமிடத்தில் கொக்கி மாட்ட முடியாது.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் படகு விபத்துக் கணக்கு வெளியிடுகிறது. மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள், இது வருஷா வருஷம் மாறாமல் வரும் செய்தி. காரணம் தெரிந்த சாவுகளில் மது முன்னால் நிற்கிறது. அதனால் என் விதி ஒன்றே ஒன்று: படகு தண்ணீரில் இருக்கும்வரை ஜாக்கெட் உடம்பில், பாட்டில் பைக்குள். கரையேறின பிறகு அவரவர் பாடு.

வேகத்துடுப்பு எழுதியது:

ஜாக்கெட் சரி. ஆனால் காற்றே இல்லாத மதியம், கரையிலிருந்து கல்லெறி தூரம், ஒரே ஒரு பீர், அதற்கும் தடையா? வளர்ந்த ஆட்கள் தானே.

முதலுதவிப்பை எழுதியது:

ஒரு பீருக்காக யாரையும் நான் அடிக்கப் போவதில்லை. வெயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல், அதன்மேல் ஒன்று உள்ளே போனால் படகில் எழுந்து நிற்கலாம் என்று தோன்றும். கேனோ கவிழ்வது பெரும்பாலும் அலையால் அல்ல, எழுந்து நிற்பவரால். பக்கத்தில் இருக்கும் அரைகுறை நீச்சல்காரரும் சேர்ந்து விழுவார், அவரிடம் நீங்கள் அனுமதி கேட்டீர்களா?

பின்சீட்டு எழுதியது:

மது விவகாரத்தை இதோடு விடுவோம், இல்லையென்றால் இந்த இழை நாற்பது பக்கம் போகும், போன தடவை போனது.

நீர்க்கோழி, ஜோடி எப்படிப் பிரிக்கப் போகிறீர்கள்? தூரத்தைவிட அது முக்கியம்.

நீர்க்கோழி எழுதியது:

கோடையின் தொடக்கம்தான், தண்ணீர் குளிரத்தான் செய்யும். ஜாக்கெட் விதி எழுதி ஒட்டிவிடுகிறேன்.

ஜோடி பற்றி: புதியவர்களில் இருவர் கணவன் மனைவி, அவர்கள் ஒன்றாகத்தான் உட்காருவோம் என்கிறார்கள். மற்ற இருவர் பால்ய நண்பர்கள், அவர்களும் அப்படியே. பழைய ஆறு பேருக்கும் பழகிப்போன ஜோடி இருக்கிறது.

பின்சீட்டு எழுதியது:

அப்படி விட்டால் மூன்று படகு முன்னால் போய் அரை மணி நேரம் காத்திருக்கும், இரண்டு படகு வளைந்து வளைந்து பின்னால் வரும், அவர்கள் வந்து சேர்ந்ததும் முன்னால் போனவர்கள் "வாங்க, கிளம்பலாம்" என்பார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கிடைக்காது. இரண்டாம் நாள் மாலை யாரோ ஒருவர் சாப்பிடும்போது பேசாமல் இருப்பார். அடுத்த வருஷம் அவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

புதியவர் நான்கு பேரும் முன்னால், பழைய ஆட்கள் பின்னால். கேனோவில் பின்னால் இருப்பவர்தான் திசையைப் பார்க்கிறார். முன்னால் இருப்பவர் தாளம் கொடுக்கிறார், பாறை தெரிந்தால் கத்துகிறார், அவ்வளவுதான். நன்றாகத் தெரிந்தவர் பின்னால் இருந்தால் முன்னால் யார் இருந்தாலும் படகு நேராகப் போகும். ஐந்தாவது படகில் மீதி இரண்டு பழைய ஆட்கள், அதுதான் கடைசியில் வர வேண்டிய படகு. முதலுதவிப் பெட்டியும் உபரித் துடுப்பும் கயிறும் அதில்.

கணவன் மனைவியைப் பிரிப்பது அவர்களுக்கே நல்லது. நீளமான படகில் ஒருவர் முதுகை மற்றவர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு "இடது பக்கம், இடது பக்கம்னு சொன்னேன்ல" என்று சொல்லும் அமைப்பு அது. வேறொருவர் சொன்னால் அதே வார்த்தையைச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

புதுத்துடுப்பு எழுதியது:

முதல்முறை எழுதுகிறேன். நானும் இதே மாதிரி ஒரு குழுவுக்குப் புதிதாகப் போகப்போகிறவள். பின்னால் இருப்பவர் என்னதான் செய்கிறார் என்று யாராவது விளக்குவீர்களா? ஒரு மணி நேரம் வாடகைப் படகில் சுற்றிப் பார்த்தேன், நாங்கள் நேராகப் போகவே இல்லை. வலது பக்கம் துடுப்பு போட்டால் படகு இடது பக்கம் ஓடுகிறது, மாற்றிப் போட்டால் மறுபக்கம்.

ஆற்றுமணல் எழுதியது:

வாங்கம்மா. நீங்கள் பார்த்தது படகின் இயல்பு, உங்கள் கை செய்த குற்றம் அல்ல. பின்னால் இருப்பவரின் துடுப்பு படகின் நடுவிலிருந்து தள்ளி இருப்பதால், அவர் வலது பக்கம் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் மூக்கு கொஞ்சம் இடது பக்கம் திரும்பும். முன்னால் இருப்பவர் எதிர்ப்பக்கம் போட்டாலும் அது முழுக்கச் சரியாகாது.

அதற்குத்தான் ஜே ஸ்ட்ரோக். துடுப்பை முன்னால் நீட்டி, அலகு முழுவதும் மூழ்கும்படி இறக்கி, இடுப்பு வரை இழுக்கிறீர்கள். இதுவரை சாதாரணம். இடுப்பைத் தாண்டும்போது, தண்டின் மேல்முனையைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் கீழ்நோக்கித் திரும்பும்படி தண்டை உருட்டுங்கள். அலகு இப்போது படகுக்கு இணையாக, சுக்கான் மாதிரி நிற்கும். அந்த நிலையில் வெளிப்பக்கமாக மெல்ல ஒரு தள்ளு. மேலிருந்து பார்த்தால் துடுப்பு போன வழி ஆங்கில ஜே எழுத்துப்போல் இருக்கும். அந்தச் சின்னத் தள்ளு, ஓடப் பார்த்த மூக்கைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

ஆரம்பத்தில் எல்லாரும் கட்டைவிரலை மேல்நோக்கித் திருப்புவார்கள், ஏனென்றால் அது மணிக்கட்டுக்குச் சுகம். அப்படிச் செய்தாலும் படகு திரும்பும், ஆனால் ஒவ்வொரு தடவையும் பிரேக் போட்டது மாதிரி வேகம் செத்துவிடும். பொறுமையாக ஒரு பகல் முழுக்கப் பழகினால் கை தானாகச் செய்யும். அதுவரை நீங்கள் முன்னால் உட்காருங்கள், அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கையால் இழுக்காமல் இடுப்பையும் தோளையும் திருப்பி இழுப்பது. கையால் மட்டும் இழுப்பவருக்கு மதியத்துக்குள் முழங்கை வலிக்கும்.

புதுத்துடுப்பு எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. துடைப்பத்தை வைத்து நாற்காலியில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள். இன்னொன்று, கவிழ்ந்தால் என்ன செய்வது? அதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

முதலுதவிப்பை எழுதியது:

முதல் நாள் கிளம்புவதற்கு முன்பே, இடுப்பளவுத் தண்ணீரில், சாமான் ஏற்றாத படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். நீர்க்கோழி, இது உங்களுக்கும்தான். புதியவர்களில் ஒவ்வொருவரும் ஒரு தடவை விழுந்து எழுந்தால் பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துபோகும். விழுந்தபின் ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை மறைக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கரையிலேயே சோதிக்க ஒரு வழி: எல்லாப் பட்டையையும் இறுக்கிவிட்டு, பின்னாலிருந்து ஒருவர் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கட்டும். ஜாக்கெட் காது வரை வந்தால் அது உங்கள் அளவு இல்லை.

விழுந்தவுடன் செய்ய வேண்டியது: மூச்சு சீராகும்வரை அசையாமல் மிதங்கள். படகை விடாதீர்கள், அது மூழ்காது, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தலையைவிடப் படகு நன்றாகத் தெரியும். கரை பக்கத்தில் இருப்பது போலத் தோன்றினாலும் படகை விட்டு நீந்தப் புறப்படாதீர்கள்.

நடு ஏரியில் விழுந்தவர்களை ஏற்றுவதற்கு இன்னொரு படகு வேண்டும். கவிழ்ந்த படகைத் தலைகீழாகவே வைத்து, அதன் முனையை உதவிக்கு வந்த படகின் விளிம்பின் மேல் ஏற்றிக் குறுக்காக இழுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து சிலுவை மாதிரி நிற்கும். உள்ளே இருந்த தண்ணீர் கொட்டிவிடும். பிறகு அப்படியே நிமிர்த்தித் தண்ணீரில் வழுக்கி இறக்கி, பக்கத்தில் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டால், விழுந்தவர் உதைத்து உள்ளே ஏறலாம். படிக்கும்போது சர்க்கஸ் மாதிரி இருக்கும், பழகிய இருவர் சில நிமிடத்தில் முடிப்பார்கள். ஆனால் முழுக்கத் தண்ணீர் நிரம்பிய கேனோவை நிமிர்ந்த நிலையில் தூக்க மட்டும் முயலாதீர்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, உள்ளே நூற்றுக்கணக்கான லிட்டர் இருக்கும்.

இதனால்தான் படகுகள் ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில் போக வேண்டும் என்கிறோம். அரை மணி நேரம் முன்னால் போய்விட்ட நல்ல துடுப்புக்காரர் யாருக்கும் உதவ மாட்டார்.

வேகத்துடுப்பு எழுதியது:

அது எனக்கு விழுந்த அடி என்று புரிகிறது.

ஆற்றுமணல் எழுதியது:

கடைசி நாள் ஆறு என்கிறீர்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மெதுவாக ஓடுகிறது என்று யார் சொன்னது, எந்த மாதத்தில் பார்த்துச் சொன்னது? வரும் வழியில் மழை பெய்தால் அதே ஆறு வேறு ஆறு. அருவி, சுழல் உள்ள ஆறுகளை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 1 என்பது லேசான சலசலப்பு, 6 என்பது கிட்டத்தட்ட யாரும் போகக் கூடாதது. சாமான் ஏற்றிய படகும் புதியவர்களும் என்றால் 1-க்கு மேல் போகாதீர்கள். 2 என்று எழுதியிருந்தால் இறங்கி நடங்கள்.

தரம் 1 ஆற்றிலும் ஆளைக் கொல்லக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்று, கரையிலிருந்து சாய்ந்து தண்ணீருக்குள் கிடக்கும் மரம். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே புகுந்து போய்விடும், படகும் ஆளும் சல்லடையில் மாட்டியதுபோல் நின்றுவிடுவார்கள், பின்னாலிருந்து முழு ஆறும் அழுத்தும். ஆற்று வளைவின் வெளிப்பக்கம்தான் கரை அரித்து மரம் விழும், வேகமான ஓட்டமும் உங்களை அந்தப் பக்கமே இழுக்கும். அதனால் வளைவு வரும்போதெல்லாம் முன்கூட்டியே உள்பக்கம் ஒதுங்குங்கள். இன்னொன்று தடுப்பணை. மேலிருந்து வரும்போது நேர்கோடு மாதிரி ஒரு வழவழப்பான விளிம்புதான் தெரியும், பயமே வராது. கீழே விழும் தண்ணீர் சுருண்டு மறுபடி அணைச் சுவரை நோக்கியே ஓடும், உள்ளே போனதை வெளியே விடாது, ஜாக்கெட் போட்டிருந்தாலும்தான். வரைபடத்தில் அணை எங்கே என்று முன்பே குறித்துக்கொண்டு, அதற்கு வெகுமுன்னால் கரையேறிவிட வேண்டும்.

ஓட்டத்தில் விழுந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. கல்லிடுக்கில் பாதம் மாட்டினால் ஓட்டம் ஆளை முன்னால் தள்ளிக் குப்புறப் போட்டுவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி மேலே தூக்கிவைத்து, கைகளால் கரைப்பக்கம் ஒதுங்குங்கள்.

ஈரச்சாக்ஸ் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது போவார்களா?

நான் மூட்டை பற்றிப் பேசுகிறேன், அதுதான் எனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் அடுப்பு, பாத்திரம், பெரிய டார்ச் என்று தனித்தனியாகக் கொண்டுவந்தால் பத்துப் பேருக்குப் பத்து அடுப்பு இருக்கும், தீப்பெட்டி ஒன்றுகூட இருக்காது. பொதுச் சாமானை நீங்களே பட்டியல் போட்டுப் பிரித்துக் கொடுங்கள். இரண்டு அடுப்பு, இரண்டு பெரிய பாத்திரம், ஒரு பெரிய தார்ப்பாய். தார்ப்பாயில் கஞ்சத்தனம் வேண்டாம். மழை நாளில் பத்துப் பேரும் நின்றுகொண்டு சாப்பிட ஒரு கூரை இருந்தால் அன்றைய நாள் பிழைத்தது, இல்லையென்றால் எல்லாரும் ஐந்து மணிக்கே அவரவர் கூடாரத்துக்குள் போய்விடுவார்கள். அடுப்பைக் கூடாரத்துக்குள் மட்டும் ஏற்றாதீர்கள், குளிருக்குக் கரித்தணலைக்கூட உள்ளே கொண்டுபோகாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

துணி இரண்டு செட் போதும்: பகலில் நனைய ஒன்று, இரவில் காய்ந்தது ஒன்று. இரவு செட்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் நீர் புகாத பையில் போட்டு, பையின் வாயை மூன்று சுருட்டாவது சுருட்டிக் கொக்கி மாட்டுங்கள். ஒரே சுருட்டு சுருட்டிவிட்டுப் பை ஒழுகுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. பருத்தி ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். காலையில் ஈரச் சாக்ஸைத் திரும்பப் போடும்போது வரும் அந்த உணர்ச்சிக்கு மட்டும் மருந்து கிடையாது, என் பெயரே அதனால் வந்ததுதான்.

கனமான பைகள் நடுவில், தரையோடு தரையாக. எதிர்காற்று என்றால் ஒரு பையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள், மூக்கு காற்றில் ஆடாமல் இருக்கும். பின்காற்று என்றால் அதே பையைப் பின்னால்.

புதுத்துடுப்பு எழுதியது:

பைகளைப் படகோடு கட்ட வேண்டுமா வேண்டாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆற்றுமணல் எழுதியது:

ஆளுக்கு ஒன்றுதான் சொல்வார்கள், இது தீராத சண்டை. ஆற்றில் நான் இறுக்கிக் கட்டுவேன். காற்று அடைபட்ட பைகள் படகுக்குள் அசையாமல் இருந்தால் தண்ணீர் புக இடம் குறையும், கவிழ்ந்தாலும் படகு உயரமாக மிதக்கும். ஏரியில், இன்னொரு படகு வந்து உதவும் என்றால், கட்டாமல் விடுவதும் சரிதான், கவிழ்ந்த படகைத் தூக்கிக் கொட்டச் சுலபம். இரண்டுக்கும் நடுவில் நீளக் கயிற்றில் தளர்வாகக் கட்டுவதுதான் ஆபத்து. பையும் வெளியே வந்துவிடும், கயிறும் காலைச் சுற்றும்.

நீர்க்கோழி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையைப் பழைய ஆட்களுக்கு அனுப்பினேன். 25 இப்போது 18-க்கு இறங்கியிருக்கிறது. ஆனாலும் இரண்டு பேர் வேகத்துடுப்பு கட்சி. "இது நம்ம பயணம், புதுசா வர்றவங்களுக்காக ஏன் சுருக்கணும்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது, வருஷம் முழுக்க இதற்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள். இவர்களையும் இழக்க எனக்கு விருப்பமில்லை.

பின்சீட்டு எழுதியது:

அப்படியானால் இடம் மாறுவதைக் குறையுங்கள். முதல் நாள் 10 கிலோமீட்டர், சின்ன நடையைத் தாண்டி முகாம். இரண்டாம் நாள் கூடாரத்தைப் பிரிக்கவே வேண்டாம், அதே இடத்தில் இன்னொரு இரவு. அன்று வேகக்காரர்கள் காலி படகை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பி 30 போகட்டும், 35 போகட்டும், சாமான் இல்லாத படகு பறக்கும். இரண்டு படகாகப் போகட்டும், தனியாக வேண்டாம். புதியவர்கள் முகாம் பக்கத்து வளைகுடாவில் ஜே ஸ்ட்ரோக் பழகட்டும், ஈரச்சாக்ஸ் மாதிரி ஆட்கள் கல்லில் உட்காரட்டும். மாலைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே இடத்தில். மூன்றாம் நாள் அந்த ஒரு கிலோமீட்டர் நடையும் 12 கிலோமீட்டரும். நான்காம் நாள் ஆறு.

காலை மூட்டை கட்டும் நேரம் ஒரு நாள் முழுசாக மிச்சம். அதோடு மழையோ பலமான காற்றோ வந்தால் நகராமல் இருக்க ஒரு நாள் கையில் இருக்கும். தினமும் நகர வேண்டிய திட்டத்தில் அந்த இடைவெளி இல்லாததால்தான் ஆட்கள் போகக் கூடாத காற்றில் போய் மாட்டுகிறார்கள்.

வேகத்துடுப்பு எழுதியது:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சண்டையே போட்டிருக்க மாட்டேனே. காலி படகில் ஒரு முழு நாள் என்றால் நானே வருகிறேன்.

முதலுதவிப்பை எழுதியது:

நல்ல திட்டம். சில சில்லறை விஷயங்கள். பெரிய ஏரியைக் கடப்பது எல்லாம் காலையில் முடியட்டும், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். நேர்வழி குறுக்கே போனாலும் கரையை ஒட்டிய வழியே வையுங்கள். மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கரை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை தண்ணீரில் இறங்க வேண்டாம். கூடாரம் போடும் முன் அண்ணாந்து பாருங்கள், காய்ந்த கிளை தலைக்கு மேல் தொங்கினால் அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

தண்ணீரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள், 2,000 மீட்டருக்கு மேல் உயரம் என்றால் மூன்று நிமிடம். வடிகட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க, சாதாரண முகாம் வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸை விட்டுவிடும். கழிப்பறை இல்லாத முகாம் என்றால் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி. சோப்பும் அதே தூரத்தில்தான், "இயற்கை சோப்பு" என்று எழுதியிருந்தாலும் ஏரிக்குள் வேண்டாம்.

பத்துப் பேர் என்பதை முதலில் சரிபாருங்கள். பல காடுகளில் ஒரு குழுவுக்கு உச்சவரம்பு உண்டு. அமெரிக்காவின் பவுண்டரி வாட்டர்ஸில் 9 பேர், 4 படகு, அவ்வளவுதான். கனடாவின் அல்கோன்குவின் பூங்காவின் உள்காட்டிலும் ஒரு முகாமுக்கு 9 பேர்தான், டின்னும் கண்ணாடி பாட்டிலும் கொண்டுபோகவே கூடாது. நீங்கள் போகும் இடத்தில் என்ன விதி என்று அனுமதி எடுக்கும்போதே கேளுங்கள், அங்கே போய் ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

நீர்க்கோழி எழுதியது:

கேட்டுவிட்டேன், எங்கள் ஏரியில் 12 வரை விடுகிறார்கள். பின்சீட்டு சொன்ன திட்டத்தை அப்படியே குழுவில் போட்டேன், வேகக் கட்சி இருவரும் அரை மணி நேரத்தில் கட்டைவிரல் தூக்கிவிட்டார்கள். கணவன் மனைவிதான் இன்னும் பிரிய ஒத்துக்கொள்ளவில்லை, முதல் நாள் மட்டும் என்று பேசி வைத்திருக்கிறேன்.

கடைசி கேள்வி. ஆற்றில் முடிவதால் தண்ணீரில் இறங்கும் இடமும் கரையேறும் இடமும் வேறு வேறு. வண்டிகளை என்ன செய்வது?

பின்சீட்டு எழுதியது:

கிளம்பும் நாள் காலையில் எல்லாரும் இறங்கும் இடத்துக்குப் போய்ச் சாமானையும் படகையும் இறக்குங்கள். ஓட்டுநர்கள் மட்டும் எல்லா வண்டியையும் முடியும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஒரே வண்டியில் நெருக்கி உட்கார்ந்து திரும்பி வரட்டும். அந்த நேரத்தில் மற்றவர்கள் கவிழும் பயிற்சியை முடித்துவிடலாம். திரும்பி வந்த அந்த ஒரு வண்டியைக் கடைசி நாள் போய் எடுத்துக்கொள்ளலாம். எந்த நாள் எங்கே இருப்பீர்கள், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கரையில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஈரச்சாக்ஸ் எழுதியது:

முடியும் இடத்தில் நிற்கும் வண்டிகளின் சாவி, திரும்பிவந்த வண்டியின் டேஷ்போர்டில் கிடக்கக் கூடாது. இது எல்லாக் குழுவிலும் ஒரு தடவை நடந்தே தீரும். எல்லாச் சாவியையும் ஒரே நீர் புகாத பையில் போட்டு, அந்தப் பையைக் கடைசிப் படகின் குறுக்குக்கட்டையில் கட்டுங்கள். படகைத் தள்ளுவதற்கு முன் ஒருவர் சத்தமாக எண்ணட்டும்.

நீர்க்கோழி எழுதியது:

சாவிக்குப் பொறுப்பு வேகத்துடுப்பு கட்சியின் தலைவரிடம் கொடுத்தாயிற்று. இனி அவர் கடைசிப் படகில்தான் வந்தாக வேண்டும்.